மெத்தில் ஆரஞ்சு 6 மி.லி. என்கிறது, பினாப்தலீன் 20 என்கிறது: எதை நம்புவது?

கயல்_முதலாண்டு:

வணக்கம். பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டு. நேற்று ப்ராக்டிக்கலில் 0.1 மோலார் அசிட்டிக் அமிலம் 20 மி.லி. பிப்பெட் செய்து, பியூரெட்டில் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு வைத்து டைட்ரேட் செய்தேன், அதாவது அமிலம் தீரும்வரை காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்தேன். ரேக்கில் கைக்கு அகப்பட்டது மெத்தில் ஆரஞ்சு நிறங்காட்டி பாட்டில். அதையே இரண்டு சொட்டு விட்டேன். முதல் முறை 5.2, அடுத்து 6.4, மூன்றாவது 7.1. எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை. சிவப்பு ஆரஞ்சாகி, ஆரஞ்சு மஞ்சளாகி, ஜவ்வு மாதிரி இழுத்துக்கொண்டே போனது. பக்கத்து மேசைத் தோழி பினாப்தலீன் போட்டாள். இரண்டு முறையும் 20.1.

மேடம் நோட்டைப் பார்த்துவிட்டு "இண்டிகேட்டர் தவறு, ரிப்பீட்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். தவறு என்பது எனக்கே தெரிகிறது. ஏன் தவறு என்றுதான் புரியவில்லை. அதே அமிலம், அதே காரம். இரண்டு சொட்டு நிறங்காட்டியை மாற்றினால் 14 மி.லி. எப்படி மாறும்?

பிப்பெட்_நாயகன்:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வலிமை குறைந்த அமிலம், வலிமை மிகு காரம் என்றால் பினாப்தலீன். வலிமை மிகு அமிலம், வலிமை குறைந்த காரம் என்றால் மெத்தில் ஆரஞ்சு. இரண்டும் வலிமை மிகு என்றால் எது வேண்டுமானாலும். நான்கு வரி அட்டவணை, மனப்பாடம் செய்தால் ஐந்து மார்க். அப்புறம் நல்ல பிங்க் வரும்வரை விடு, அப்போதுதான் எக்ஸாமினர் கண்ணுக்குத் தெரியும்.

கயல்_முதலாண்டு:

அட்டவணை எனக்கும் தெரியும் அண்ணா. அது ஏன் அப்படி என்றுதான் கேட்கிறேன்.

பழைய_லேப்_வாத்தியார்:

நாயகனே, அந்த "நல்ல பிங்க்" விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் கயலின் கேள்வி.

கயல், நீ மனதில் வைத்திருக்கும் படம் இதுவாகத்தான் இருக்கும்: அமிலம் முழுவதும் தீர்ந்ததும் நிறங்காட்டிக்கு அது தெரிந்துவிடும், உடனே நிறம் மாறும். அப்படி இல்லை. அமிலம் எவ்வளவு தீர்ந்தது, எவ்வளவு மீதி என்பதெல்லாம் அதற்குத் தெரியவே தெரியாது. குடுவையில் அந்த நேரத்தில் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு: 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) என்ன, அது மட்டும்தான் தெரியும். மெத்தில் ஆரஞ்சு 3.1-க்குக் கீழே சிவப்பு, 4.4-க்கு மேலே மஞ்சள். பினாப்தலீன் 8.2 வரை நிறமற்றது, அதிலிருந்து 10 வரை இளஞ்சிவப்பு ஏறிக்கொண்டே போகும். கேள்வியை இப்படித் திருப்பிக் கேள்: உன் குடுவையில் பிஎச் 4.4 எப்போது வந்தது?

ஹெண்டர்சன்–ஹேசல்பாக் சமன்பாடு படித்திருப்பாய். பிஎச் என்பது அமிலத்தின் பிகேஏ மதிப்போடு (அமிலத்தின் வலிமையைச் சொல்லும் எண்), உப்புக்கும் மீதி அமிலத்துக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையைக் கூட்டினால் வருவது. அசிட்டிக் அமிலத்துக்குப் பிகேஏ 4.76. பிஎச் 4.4 ஆக, விகிதம் 0.44 இருந்தால் போதும். அதாவது அமிலத்தில் 30 விழுக்காடு உப்பானாலே 4.4 வந்துவிடும். 20 மி.லி.யில் 30 விழுக்காடு எவ்வளவு?

கயல்_முதலாண்டு:

6 மி.லி.!!

பழைய_லேப்_வாத்தியார்:

சரியாகச் சொன்னால் 6.1. உன் மூன்று அளவீடுகளும் அதைச் சுற்றித்தான் கிடக்கின்றன. மெத்தில் ஆரஞ்சு பொய் சொல்லவில்லை. "பிஎச் 4.4 ஆகிவிட்டது" என்று உண்மையைத்தான் சொன்னது. நீதான் அதை "அமிலம் தீர்ந்தது" என்று மொழிபெயர்த்துக்கொண்டாய்.

ஜவ்வு மாதிரி இழுத்ததற்கும் காரணம் அங்கேயே இருக்கிறது. 20 மி.லி. 0.1 மோலார் அமிலம், 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு என்று வைத்துக் கணக்குப் போட்டால் வருவது கீழே. முதல் எண் பியூரெட் அளவு, இரண்டாவது வலிமை மிகு ஹைட்ரோகுளோரிக் அமிலமாக இருந்தால் பிஎச், மூன்றாவது அசிட்டிக் அமிலமாக இருந்தால் பிஎச்.

0 மி.லி. | 1.00 | 2.88
10 மி.லி. | 1.48 | 4.76
18 மி.லி. | 2.28 | 5.71
19 மி.லி. | 2.59 | 6.04
19.90 மி.லி. | 3.60 | 7.06
19.95 மி.லி. | 3.90 | 7.36
20.00 மி.லி. | 7.00 | 8.73
20.05 மி.லி. | 10.10 | 10.10
21 மி.லி. | 11.39 | 11.39

இதைக் கிராஃப் தாளில் போட்டுப் பார், கண்ணால் பார்த்தால்தான் மனதில் நிற்கும். அசிட்டிக் அமில வரைகோடு ஆரம்பத்தில் கொஞ்சம் துள்ளி ஏறும். அப்புறம் 2 மி.லி.யிலிருந்து 18 மி.லி. வரை ஏறக்குறைய படுத்துக்கொள்ளும். 16 மி.லி. காரம் ஊற்றியும் பிஎச் 2 அலகுகூட ஏறாது. அமிலமும் அதன் உப்பும் சேர்ந்து இருப்பதால் அங்கே குடுவையே ஒரு தாங்கல் கரைசல், பிஎச்சை எளிதில் மாறவிடாது. அந்தச் சமவெளியில் எந்த நிறங்காட்டியை நிறுத்தினாலும் அது மெதுவாகத்தான் நிறம் மாறும். உனக்கு நேர்ந்தது இதுதான்.

19.95-க்கும் 20.05-க்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார். அசிட்டிக் அமிலத்தில் 7.36-லிருந்து 10.10-க்கு ஒரே பாய்ச்சல். ஒரு சொட்டு சுமார் 0.05 மி.லி. என்பதால் இது மொத்தமே இரண்டு சொட்டுதான். பினாப்தலீனின் 8.2 முதல் 10 வரை அந்தப் பாய்ச்சலுக்குள் முழுதாக அடங்கிவிடுகிறது. உன் தோழிக்குக் கன்கார்டன்ட் (ஒத்துவரும் அளவீடுகள்) கிடைத்ததில் கைராசி எதுவும் இல்லை.

கயல்_முதலாண்டு:

இப்போது புரிகிறது சார். ஆனால் அட்டவணையின் இரண்டாவது நெடுவரிசையில் ஒரு சந்தேகம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குச் சமானப் புள்ளி, அதாவது அமிலமும் காரமும் சரிக்குச் சரி தீரும் இடம், பிஎச் 7. பினாப்தலீன் 8.2-க்கு மேல்தானே நிறம் காட்டுகிறது? அப்படியானால் அதுவும் தப்பான இடத்தில்தானே மாறுகிறது? 7-ல் மாறும் புரோமோதைமால் நீலம் அல்லவா சரி?

பழைய_லேப்_வாத்தியார்:

இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே எத்தனையோ பேர் எம்.எஸ்சி. முடித்துவிடுகிறார்கள்!

பிஎச் அச்சில் பார்த்தால் 7-க்கும் 8.2-க்கும் நல்ல தூரம். ஆனால் நீ அளப்பது பிஎச்சை இல்லையே, கன அளவைத்தானே? பியூரெட் அச்சில் அந்தத் தூரம் எவ்வளவு? ஒரு சொட்டுக்குள் பிஎச் 3.9-லிருந்து 7, இன்னொரு சொட்டுக்குள் 7-லிருந்து 10.1. வரைகோடு அங்கே சுவராகச் செங்குத்தாக நிற்கும்போது அதில் ஆணியைக் கீழே அடித்தால் என்ன, மேலே அடித்தால் என்ன, தரையில் அது விழும் இடம் ஒன்றுதான். 4-லிருந்து 10 வரை எங்கே நிறம் மாறினாலும் உன் அளவீடு ஒரு சொட்டுக்கு மேல் பிசகாது. புரோமோதைமால் நீலம் (6.0 முதல் 7.6, மஞ்சளிலிருந்து நீலம்) ஏட்டளவில் இன்னும் அழகு. நடைமுறையில் நிறமின்மையிலிருந்து இளஞ்சிவப்பு வருவதைக் கண் சட்டென்று பிடித்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிப்பெட்_நாயகன்:

நான் சொன்னதும் அதேதான். இரண்டும் வலிமை மிகு என்றால் எது வேண்டுமானாலும்.

பழைய_லேப்_வாத்தியார்:

0.1 மோலாருக்கு, சரி. 0.001 மோலாருக்கு? அதே 19.95-ல் பிஎச் 5.9, 20.05-ல் 8.1. சுவர் பாதிக்கு மேல் இடிந்து போச்சு. இங்கே மெத்தில் ஆரஞ்சு போட்டால் 18.5 மி.லி. வாக்கிலேயே மஞ்சளாகி நிற்கும், ஒன்றரை மி.லி. பிழை. உன் நான்கு வரி அட்டவணையில் செறிவு என்ற சொல்லே இல்லை. அதனால்தான் மனப்பாடம் போதாது.

பிங்க் விஷயம்: எக்ஸாமினருக்காக அடர்த்தியாகப் பிங்க் வரவழைப்பவன் இரண்டு மூன்று சொட்டைத் தாண்டிவிட்டான் என்று பொருள். வெள்ளைத் தாளை அடியில் வைத்துப் பார்த்தால் "வந்ததா, வரவில்லையா" என்று சந்தேகப்படும் அளவுக்கு வெளிர் நிறம், அரை நிமிடம் நிலைத்தால் போதும். அதற்கு அப்புறம் நிறம் போய்விட்டால் பதறாதே, இன்னொரு சொட்டும் விடாதே. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து பிஎச்சைக் கீழே இழுக்கிறது. ஒரு மணி நேரம் காத்திருந்தால் எந்த முடிவு நிலையும் வெளுக்கும்.

வடமராட்சியான்:

நல்ல இழை, சேர். எங்கள் பக்கம், இலங்கையில், உயர்தர வகுப்பில் படித்த சொற்கள் கொஞ்சம் வேறு: டைட்ரேஷன் நியமிப்பு, பியூரெட் அளவி, பிப்பெட் குழாயி, நிறங்காட்டி வெறுமனே காட்டி, சமானப் புள்ளி சமவலுப் புள்ளி. முதல் பதிவை வாசிக்கும்போது கொஞ்சம் தடுமாறினேன், விஷயம் ஒன்றுதான்.

அமோனியாவைக் குடுவையில் வைத்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் இதே படம் தலைகீழாக வரும் என்று நினைக்கிறேன். 20 மி.லி., 0.1 மோலார் என்றே வைத்துக் கணக்கிட்டேன். தொடக்கம் 11.1, பாதிவழியில் 9.25, சமவலுப் புள்ளியில் 5.28. ஒரு துளி முன்னால் 6.65, ஒரு துளி பின்னால் 3.9. மெத்தில் சிவப்பு (4.4 முதல் 6.2) கச்சிதமாக உள்ளே நிற்கிறது. மெத்தில் ஆரஞ்சு ஒரு துளி பிந்தலாம், பரவாயில்லை. பினாப்தலீன் போட்டால் கயல் தங்கச்சிக்கு நடந்ததுதான் மறுபக்கம் நடக்கும்: 3 மி.லி.யிலேயே நிறம் வெளிறத் தொடங்கி 18.4 வரை வெளிறிக்கொண்டே போகும்.

அசிட்டிக் அமிலத்தையும் அமோனியாவையும் ஒன்றோடொன்று நியமித்தால்? சமவலுப் புள்ளி 7-தான், ஆனால் அங்கே சுவரே கிடையாது, ஒரு சின்ன மேடுதான். காட்டி எதுவும் உதவாது. கரைசலின் மின்கடத்துதிறனை அளந்து செய்வார்கள்.

பழைய_லேப்_வாத்தியார்:

கணக்கு சரி தம்பி. அளவி, குழாயி நல்ல சொற்கள். இங்கே நாங்கள் "பியூரெட்" என்று எழுதியே பழகிவிட்டோம்.

மெத்தில் ஆரஞ்சுக்காகவும் ஒரு வார்த்தை. இந்த இழை முழுக்க அதற்குக் கெட்ட பெயர். சோடியம் கார்பனேட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு டைட்ரேட் செய்யும்போது அதன் அருமை தெரியும். வரைகோட்டில் இரண்டு படிகள். கார்பனேட் பைகார்பனேட் ஆகும்போது 8.3 அருகே ஒரு படி, அது கார்பானிக் அமிலம் ஆகும்போது 4-க்குச் சற்றுக் கீழே இன்னொன்று. 0.05 மோலார் கார்பனேட் 20 மி.லி. எடுத்து 0.1 மோலார் அமிலம் விட்டால், பினாப்தலீன் 10 மி.லி.யில் வெளுத்துவிடும், மெத்தில் ஆரஞ்சு 20-ல் மாறும். இங்கே இரண்டுமே சரி. முதலாவது பாதிவழியைச் சொல்கிறது, இரண்டாவது முழுவழியை. ஒரே குடுவையில் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, கலவையில் சோடியம் ஹைட்ராக்சைடு எவ்வளவு, கார்பனேட் எவ்வளவு என்று பிரித்துவிடலாம். இரண்டாவது படி கொஞ்சம் மழுங்கல்தான். முடிவு நிலைக்குச் சற்று முன் கொதிக்கவைத்துக் கார்பன் டை ஆக்சைடை விரட்டி, ஆறவைத்துத் தொடர்ந்தால் கூர்மையாகும்.

ஆவின்ல_இல்ல_வேற_பால்:

நான் ஒரு பால் சங்கத்தில் டெஸ்டிங் பார்க்கிறேன். இங்கே பேசுவதைப் படித்தபிறகு தினமும் செய்யும் வேலை மேல் சந்தேகம் வந்துவிட்டது. 10 மி.லி. பால், பினாப்தலீன், 9-ல் 1 நார்மல் செறிவில் சோடியம் ஹைட்ராக்சைடு. 1.4 மி.லி. ஆனால் 0.14 விழுக்காடு லாக்டிக் அமிலம் என்று எழுதுவோம். ஆனால் கறந்த பாலில் லாக்டிக் அமிலமே ஏறக்குறைய இல்லை என்றும் பயிற்சியில் சொன்னார்கள். அப்போது நான் எதை அளக்கிறேன்?

பழைய_லேப்_வாத்தியார்:

நல்ல சந்தேகம், ஆனால் வேலையை விட்டுவிடாதீர்கள்.

புதுப் பாலின் பிஎச் 6.6, 6.7 இருக்கும். அதில் காரம் விட்டால் கேசின் புரதம், பாஸ்பேட், சிட்ரேட், கரைந்த கார்பன் டை ஆக்சைடு எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொள்கின்றன. வரைகோடு போட்டால் சரிவான மேடு வரும், சுவர் வராது. அதாவது இங்கே சமானப் புள்ளி என்று ஒன்று தனியாக இல்லை. "பினாப்தலீன் லேசாகப் பிங்க் ஆகும் இடம்தான் முடிவு" என்று எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட இடம் அது. லாக்டிக் அமிலம் என்பது எழுதும் முறை. அதன் மூலக்கூறு எடை 90 என்பதால், 9-ல் 1 நார்மல் காரம் 1 மி.லி. என்றால் 10 மில்லிகிராம், 10 மி.லி. பாலுக்கு 0.1 விழுக்காடு. கணக்கு வசதிக்காகத்தான் அந்த விந்தையான நார்மாலிட்டி.

உங்களுக்குத் தேவை வித்தியாசம்தான். வழக்கமாக 1.4 காட்டும் பால் ஒரு நாள் 2.0 காட்டினால் அந்த 0.6 உண்மையிலேயே புளிப்பு. அதனால் உங்களுக்கு இரண்டு கண்டிப்பு. சுவர் இல்லாத இடத்தில் நிறத்தின் அடர்த்தி கொஞ்சம் மாறினாலும் அளவீடு மாறும், ஆகவே தொடாத பாலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பினாப்தலீனையும் தினமும் ஒரே அளவு விடுங்கள். அது ஒரு நிறம் மட்டுமே உள்ள காட்டி, கூடுதலாக விட்டால் பிங்க் சீக்கிரமே கண்ணுக்குத் தெரிந்து அளவீடு குறைந்துபோகும். கயலின் அசிட்டிக் அமிலத்தில் இந்தப் பிழை ஒரு சொட்டுக்குள் மறைந்துவிடும், பாலில் மறையாது.

ஆவின்ல_இல்ல_வேற_பால்:

ஆஹா. எங்கள் சங்கத்தில் காலை ஷிஃப்ட்டுக்கும் மாலை ஷிஃப்ட்டுக்கும் எப்போதும் 0.01 வித்தியாசம் வரும். மாடு காரணம் என்று நினைத்தேன். டிராப்பர் காரணமாக இருக்கலாம்!

சிவப்பா_பச்சையா:

எனக்கு வேறு பிரச்சினை. சிவப்பு–பச்சை நிறக்குருடு. மெத்தில் ஆரஞ்சு எந்தப் பக்கம் மாறினாலும் எனக்கு ஒரே பழுப்பு. பினாப்தலீனின் வெளிர் பிங்க்கும் தாமதமாகத்தான் தெரியும். பதினொன்றாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் இருப்பவனிடம் "மாறிச்சா மச்சான்?" என்று கேட்டே தேறியவன் நான்.

வடமராட்சியான்:

வரைகோட்டைப் பார்த்தால் வழி இருக்கிறதே. அசிட்டிக் அமிலத்துக்கு 7.4 முதல் 10.1 வரை சுவர். தைமால்ப்தலீன் 9.3 முதல் 10.5, நிறமற்றதிலிருந்து நீலம். 20.05-லேயே நீலம் எட்டிப் பார்க்கும். வலிமை மிகு அமிலத்துக்கும் அதுவே போதும், அல்லது புரோமோதைமால் நீலம். அமோனியாவுக்குப் புரோமோகிரசால் பச்சை, 3.8 முதல் 5.4, நீலத்திலிருந்து மஞ்சள்.

சிவப்பா_பச்சையா:

நீலம், மஞ்சள் இரண்டும் எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருடத்தில் யாரும் இதைச் சொன்னதில்லை. பிஎச் மீட்டர் வாங்கித் தரச் சொல்லி மனு எழுதிக்கொண்டிருந்தேன்.

பழைய_லேப்_வாத்தியார்:

மனுவையும் அனுப்பு, மீட்டர் நல்லதுதான். முடிவு நிலைக்கு அருகில் 0.1 மி.லி. வீதம் விட்டு, ஒவ்வொரு முறையும் பிஎச் எவ்வளவு தாவியது என்று எழுதி, தாவல் உச்சமாகும் இடத்தைப் பார்த்தால் நிறமே வேண்டாம். முதலில் 4, 7 தாங்கல் கரைசல்களில் மீட்டரைச் சரிபார்க்க மறக்காதே. இந்த மாதிரி அசிட்டிக் அமிலத்துக்கு 9.18-ம் வேண்டும்.

கயல்_முதலாண்டு:

எல்லோருக்கும் நன்றி. இன்று ரிப்பீட் செய்தேன், பினாப்தலீனில் 20.1, 20.1. மேடம் டிக் போட்டுவிட்டார். மீட்டரும் கிடைத்தது. 10 மி.லி.யில் 4.7 காட்டியது. பாதிவழியில் பிஎச்தான் பிகேஏ என்பதை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். என் பழைய 6 மி.லி.யை வைத்தும் கணக்குப் போட்டேன் சார். 4.4-ல் 30 விழுக்காடு என்றால் பிகேஏ சுமார் 4.8. தப்பான டைட்ரேஷன் என்று கிழித்துப் போட இருந்த தாள் அது.

அப்புறம் ஒரு குறும்பு வேலை. வீட்டு மஞ்சள்தூளை ஆல்கஹாலில் கரைத்து வடிகட்டி எடுத்துப் போயிருந்தேன். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, அதுவும் காட்டிதானே? 7.4 முதல் 8.6 வரை மாறும் என்று படித்தேன். அதைவிட்டு டைட்ரேட் செய்தால் 20.1, 20.2, 20.1. மஞ்சளிலிருந்து செம்பழுப்பு, ஒரே சொட்டில்.

பிப்பெட்_நாயகன்:

ஆரத்தி எடுத்து டைட்ரேஷன் முடித்த முதல் ஆள் நீதான். இனிமேல் மஞ்சள் எல்லாவற்றுக்கும் போதும் போல, பாட்டிலே வாங்க வேண்டாம்.

பழைய_லேப்_வாத்தியார்:

கயல், நாயகன் "எல்லாவற்றுக்கும்" என்கிறான். வடமராட்சித் தம்பியின் அமோனியாவுக்கு மஞ்சளை விட்டால் என்ன ஆகும்? செய்து பார்க்காமல் சொல்.

கயல்_முதலாண்டு:

ஐந்து நிமிடம் கொடுங்கள்.

சரி, போட்டுவிட்டேன். பாதிவழி 9.25. 8.6 வரும்போது 82 விழுக்காடு அமோனியா தீர்ந்திருக்கும், அது 16.3 மி.லி. 7.4 வரும்போது 98.6 விழுக்காடு, 19.7 மி.லி. அதாவது சிவப்பு 16-ல் கலையத் தொடங்கி, மூன்றரை மி.லி. ஜவ்வாக இழுத்து, 19.7-ல் முழு மஞ்சளாகும். 20-ஐத் தொடவே தொடாது. வியாழக்கிழமை லேப் இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் இரண்டு ஸ்பூன் மஞ்சள் கேட்டிருக்கிறேன், எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை.